சீப்புக்கு அடங்காத முடி

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்தில், குடும்பத்துக்கு ஒன்றாக ஆறு காம்பிராக்கள். ஐந்தில் இருந்தவர்களுக்கு முடி நேராக விழுந்தது. ஆறாவதில் இருந்த எனக்கும் என் தங்கைக்கும் மட்டும் அது எழுந்து நின்றது. சுருட்டை என்றதும் நடிகையின் நெற்றியில் அழகாக விழும் ஒற்றைச் சுருளை நினைத்துவிடாதீர்கள். எங்களுடையது அடியிலிருந்தே நெருக்கமாகச் சுருண்டு, ஈரக்காற்றில் இரண்டு மடங்காகப் பெருகி, சீப்பின் பல்லை ஒடிக்கிற முடி. கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மழைக்காலம் எது, மழையில்லாத காலம் எது என்று கேட்டால் யாருக்கும் உடனே பதில் வராது. ஆகவே எங்கள் தலைகள் வருஷம் முழுவதும் பெருகியே இருந்தன.

அது அப்பா வழியில் வந்த முடி; அவர் ஒட்ட வெட்டிக்கொண்டு தப்பித்துக்கொண்டார். அம்மா அதை யாரையும் மறக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இருவரையும் வாசலில் உட்காரவைத்து, தேங்காய் எண்ணெயை ஊற்றி, தண்ணீர் படாத தலையில் சீப்பை இறக்குவார். நாங்கள் அலறுவோம்.

"கத்தாதீங்கடி. ஒங்கப்பன் குடுத்த சொத்து. ஆளுக்குப் பாதியா வாங்கிக்குங்க."

அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து எங்காவது வேலை வந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. பஸ்ஸில் சிங்களப் பிள்ளைகள் "காப்பிரி கொண்டே" என்று சொல்லிச் சிரிப்பார்கள். கொண்டே என்றால் முடி. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு எங்களைக் காப்பிரி என்று கூப்பிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஏச்சு என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு என்று நினைக்கிறேன். எனக்குப் பதினான்கு வயது, தங்கைக்குப் பதினொன்று. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக் கோலாட்டம் பழக்கினார்கள். எட்டுப் பேரிலும் என் தங்கைக்குத்தான் கால் நன்றாக வந்தது. ஆனால் பழக்கிக்கொடுத்த அக்கா, நடுவகிடு எடுத்துப் படிய வாரி இரட்டைச் சடை போட்டால்தான் முன் வரிசை என்று சொல்லிவிட்டார். தங்கையின் தலையைப் பார்த்துவிட்டு, "நீ பின்னால நில்லும்மா, சாமி கும்புடுறவங்களுக்கு மறைக்கும்" என்றாராம். அவள் வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"எந்திரி. நான் படிய வைக்கிறேன்" என்றேன்.

அப்பா ஸ்டோரில், அதாவது தோட்டத்து ஆலையில், ரப்பர் தகடு போடும் வேலையில் இருந்தார். மரத்திலிருந்து வந்த பாலை அவர் தட்டில் ஊற்றி அசிட் விடுவார். மறுநாள் அது தயிராக உறைந்திருக்கும். உருளையில் கொடுத்தால் பாய்போலப் படிந்து வெளியே வரும். பாலையே படிய வைக்கிற ஊரில் ஒரு பிள்ளையின் தலையைப் படிய வைக்க முடியாதா என்பது என் யோசனை. அசிட் விட்டால் உறையும், அமோனியா விட்டால் உறையாது என்பது எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடிக்கு முன்பே தெரியும். ஆகவே பால் வெட்டுகிற அம்மாவின் வாளியிலிருந்து ஒரு போத்தல் பாலை எடுத்து, தண்ணீர் கலந்து, அமோனியாவும் சில சொட்டு விட்டு, தங்கையின் தலையில் ஊற்றி வாரினேன். உறையாது, படியும், திருவிழா முடிந்ததும் கழுவிவிடலாம். உறையாத பாலும் காய்ந்தால் ரப்பர்தான் என்பதை மட்டும் நான் மறந்துவிட்டேன். இத்தனைக்கும் எங்கள் அம்மாவின் பாவாடை முழுவதும் அப்படிக் காய்ந்த பால்தான்.

முதல் அரை மணி நேரம் அற்புதமாக இருந்தது. அவள் முடி கழுத்தோடு ஒட்டிப் படிந்து கிடந்தது. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "முன் வரிசைதானக்கா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

பிறகு அது காய்ந்தது. மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தேன், தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். முதலில் விளக்குமாற்றால் என்னைக் கவனித்தார். பிறகு கத்திரிக்கோலை எடுத்தார். வெட்ட வெட்ட அது செருப்புத் துண்டுகளாகக் கீழே விழுந்தது. கடைசியில் முடி வெட்டுகிறவரைக் கூப்பிட்டு மொட்டையடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

லயத்தில் எதை மறைக்கலாம்? அடுத்த காம்பிராவிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா ஒருவர் என்ன ஏது என்று விசாரித்தார். எங்கள் அம்மா கண் இமைக்காமல் சொன்னார்:

"மாரியாத்தாளுக்கு நேர்ந்துகிட்டோம்ங்க."

"நல்ல காரியம். ஒருத்திக்கா, ரெண்டு பேருக்குமா?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே என் முடி போய்விட்டது.

"ரெண்டு பேருக்குந்தான்."

திருவிழாவன்று இரண்டு மொட்டைத் தலைகளில் சந்தனம் பூசிக்கொண்டு நாங்கள் கோயில் முற்றத்தில் நின்றோம். பெண் பிள்ளைகளுக்கு இந்த வயதில் இவ்வளவு பக்தியா என்று ஊரே மெச்சியது. தீபாராதனைத் தட்டு எங்களிடம்தான் முதலில் வந்தது. முன்னால் ஏழு பேர் கோலாட்டம் ஆடினார்கள். என் தங்கையின் கால்விரல்கள் மண்ணில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. ஆட்டம் முடிந்ததும் அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "இனிமே என் தலையில கைய வைக்காத."

சின்னப் பிள்ளைக் கோபம், நாலு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். அவள் மற்றபடி என்னோடு பேசினாள், சிரித்தாள், ஒரே பாயில் படுத்தாள். ஆனால் முடி திரும்ப முளைத்த பிறகு ஒரு பூ வைக்கக்கூட என்னிடம் தலையைக் காட்டவில்லை. நான் கையை நீட்டினால் கழுத்து தானாகப் பின்னால் போகும். பதின்மூன்று வருஷம் போயிற்று.

என்னுடைய பிழைப்போ தலைமுடியிலேயே அமைந்தது. இருபது வயதில் கேகாலையில் ஒரு சலூனில் வேலைக்குச் சேர்ந்தேன். நடத்தியவர் ஒரு சிங்கள மேடம். நல்ல மனுஷி, என்னை 'துவே' என்றுதான் கூப்பிடுவார், மகளே என்று அர்த்தம். அந்தக் காலத்தில்தான் முடியை நேராக்கும் மருந்து எங்கள் பக்கம் வந்தது. டப்பாவைத் திறந்தபோது அமோனியா வாடை அடித்தது. அப்பாவின் ஸ்டோருக்குள் நிற்பதுபோல் இருந்தது. நான் நேராக்கிய முதல் தலை என்னுடையது.

நேரான முடியோடு தோட்டத்துக்குப் போனேன். லயமே வாசலுக்கு வந்துவிட்டது. 'ஒருத்திக்கா, ரெண்டு பேருக்குமா' என்று கேட்ட அதே பக்கத்துக் காம்பிரா அம்மா என் முடியைத் தொட்டுப் பார்த்து, பட்டு மாதிரி இருக்கிறது என்றார். அன்றிலிருந்து சுற்று வட்டாரத் தோட்டங்களில் பெண்ணுக்கு அலங்காரம் என்றால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். எத்தனையோ சுருட்டைத் தலைகளை நேராக்கி மணவறைக்கு அனுப்பியிருக்கிறேன். பெரிய ஆள் ஆகிவிட்டதாக எனக்கு நினைப்பு. தங்கை மட்டும் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்குக்கா. வலிச்சிச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். காதுக்குப் பின்னால் வெந்து பொருக்குத் தட்டியிருந்தது.

எனக்குக் கல்யாணமாகிக் கேகாலையில் குடியிருந்தபோது, இரண்டாயிரத்து இரண்டில், தங்கை வீட்டு வேலைக்குப் பெய்ரூட்டுக்குப் போனாள். அங்கிருந்து கடிதத்துக்குப் பதில் கேசட் அனுப்புவாள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். நான் தோட்டத்துக்குப் போகும் நாளில் காம்பிராவில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். முதலில் அம்மாவுக்கு ஐந்து நிமிஷம், அப்பாவுக்கு இரண்டு நிமிஷம், கடைசியில் எனக்கு. ஒரு கேசட்டில் எனக்கு இப்படிச் சொன்னாள்:

"அக்கா, இங்க மேல்வீட்டுல கென்யாவுல இருந்து ஒரு அக்கா வேலை செய்யிறாங்க. கறுப்பா, ஒசரமா, அவ்வளவு அழகு. மொட்டை மாடியில துணி காயப்போடுறப்ப பேசிக்குவோம். அவங்க முடியும் நம்ம முடி மாதிரித்தான், இன்னும் நெருக்கம். சின்ன வயசுல இருந்து மருந்து போட்டு, சூட்டுச் சீப்பு போட்டு நேராக்கிக்கிட்டே இருந்தாங்களாம். ஒருநா போதும்னு எல்லாத்தையும் வெட்டிப்புட்டு, மொளச்சபடியே வுட்டுட்டாங்க. அவங்க தங்கச்சி லண்டன்ல இருக்காங்க. அங்கயும் இப்ப கறுப்புப் பொம்பளைங்க நெறைய பேரு அப்படியே வுடுறாங்களாம். ஒருத்தியப் பார்த்து ஒருத்தி. நானும் சீப்ப வுட்டுட்டேன். ஈரத்துலயே விரலால பிரிச்சா வலிக்கவே இல்லக்கா. இத்தன நாளு நாமதான் தெரியாம அழுதிருக்கோம்."

கேசட்டில் எங்கோ ஒரு கார் ஹார்ன் கேட்டது. பிறகு அவள் தொடர்ந்தாள்.

"நம்ம ஊர்ல இந்த மாதிரி முடிய என்னான்னு சொல்லுவாங்கன்னு கேட்டாங்க. நான் சொல்லலக்கா. காப்பிரின்னா அவங்க ஆளுங்களக் கேவலமாச் சொல்ற பேருன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுது. அவங்க மொகத்தப் பார்த்துக்கிட்டு அத எப்படிச் சொல்லுறது? அழகான முடின்னு சொல்லுவாங்கன்னு பொய் சொல்லிட்டேன்."

அம்மா மூக்கைச் சிந்தினார். அப்பா தன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக அந்தச் சொல் எங்களை ஏசியதாகத்தான் அழுதிருந்தேனே தவிர, அது வேறு யாருடைய பெயர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

கேசட்டோடு ஒரு போட்டோவும் வந்திருந்தது. மொட்டை மாடி, துணிக்கொடி, இரண்டு பெண்கள். இருவர் தலையைச் சுற்றியும் முடி வட்டமாக நின்றது. கென்யாக்காரப் பெண் நிமிர்ந்து, யாருக்கும் இடம்விட்டு ஒதுங்கி நிற்காதவளாக நின்றாள். பக்கத்தில் என் தங்கையும் அப்படியே நின்றாள். பின் வரிசைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை அவள்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. போட்டோவை அம்மாவிடம் கொடுக்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

போய் மூன்று வருஷம் கழித்து அவள் திரும்பி வந்தாள். கேகாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியோடு நேரே சலூனுக்கு வந்துவிட்டாள். கதவைத் திறந்ததும் முதலில் முடி வந்தது, பின்னால் அவள் வந்தாள். தோள் வரைக்கும் சுருள் சுருளாக, மினுமினுவென்று. கதிரையில் தலைக்கு மருந்தோடு உட்கார்ந்திருந்த பெண்கள் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார்கள். மேடம் பதறிப்போனார். "அனே துவே, மேக்க ஹதமு!" என்றார். ஐயோ மகளே, இதைச் சரிபண்ணுவோம் என்று பரிவோடுதான் சொன்னார். என் தங்கை சிரித்தாள்.

"எப்பா மேடம். மேக்க ஹொந்தட்ட தியெனவா."

வேண்டாம் மேடம், இது நன்றாகத்தான் இருக்கிறது. அவ்வளவுதான் சொன்னாள். அந்தச் சலூனில் ஆறு வருஷத்தில் கண்ணாடி முன்னால் நின்று அப்படி ஒரு வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் அவள்தான். கண்ணாடி முன்னால் வருகிற எல்லோரும் என்ன குறை என்று சொல்லத்தான் வாயைத் திறப்பார்கள்.

தோட்டத்தில் முதலில் சிரித்தார்கள். பெய்ரூட்டில் சீப்பு கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள். "கெடைக்குதுங்க, ஒங்களுக்கு ஒண்ணு வாங்கியாந்திருக்கேன்" என்று சொல்லி ஒரு சீப்பையும் கையில் கொடுத்துவிடுவாள். கோபப்படாதவளை எவ்வளவு நாள்தான் கேலி செய்வது? ஞாயிற்றுக்கிழமையில் பீலியில் கொட்டும் தண்ணீரில் தலையை நனைத்து, செம்பருத்தி இலையைக் கசக்கித் தேய்த்து, விரலால் பிரித்துக்கொண்டு நிற்பாள். ஒரு வாரம் மேல் லயத்துச் சுருட்டைக்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். அடுத்த வாரம் மூன்று பேர். கொஞ்ச நாளில் கோயில் வரிசையில் எழுந்து நிற்கும் தலைகள் ஐந்தாறு தெரிந்தன. இத்தனை சுருட்டை எங்கள் தோட்டத்தில் இருந்ததா என்று நானே திகைத்தேன். அதில் இரண்டு நான் நேராக்கிவிட்ட தலைகள்.

அடுத்த வருஷம் தங்கைக்கு அரநாயக்கப் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பெண் பார்க்க வந்த மாமியார், முடி ஏன் இப்படி இருக்கிறது என்று நேரடியாகக் கேட்டுவிட்டார். தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த என் தங்கை, "முடி இப்படித்தாங்க. மத்தபடி நான் நல்லாப் படிவேன்" என்றாள். அந்த அம்மா சிரித்துவிட்டார். சம்பந்தம் அந்தச் சிரிப்பிலேயே முடிந்துவிட்டது என்று அப்பா சொல்லுவார்.

எங்கள் அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. கல்யாணத்துக்கு ஒரு நாளைக்காவது நேராக்கிவிடு, நீ சொன்னால் கேட்பாள் என்று என்னை நச்சரித்தார். நான் சொன்னால் கேட்பாளா? தலையையே காட்டாதவள். எனக்கிருந்த கவலை வேறு. அறுபது எழுபது பெண்களுக்கு அலங்காரம் செய்தவள், சொந்தத் தங்கையின் கல்யாணத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப்போகிறேன். ஊர் சிரிப்பதுகூடப் பரவாயில்லை. அவள் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால் பிறகு அந்தத் தலையைத் தொட எனக்கு ஒரு நாளும் வாய்க்காது. கேட்கவும் வாய் வரவில்லை. எந்த வாயால் கேட்பது? போத்தலைப் பிடித்த கை இது.

கல்யாணத்தன்று காலையில் மழை. புடவை கட்டிவிட்டேன், முகத்துக்குப் பூசிவிட்டேன், கண்ணுக்கு மை வைத்தேன். தலை பக்கம் போகவில்லை. முடியை அவளே ஈரத்தில் பிரித்து உலரவிட்டிருந்தாள். அம்மா மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு வந்தார், கூடவே வழக்கம்போல ஒரு சீப்பையும். என் தங்கை சீப்பை மட்டும் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டாள். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, கைய நனைச்சிக்கிட்டு வா."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நின்றேன்.

"பின்னால எனக்கு எட்டாது. நீதான் பூ வச்சிவுடணும்."

கையை நனைத்துக்கொண்டு வந்தேன். அவள் கழுத்து பின்னால் போகவில்லை. விரலை உள்ளே விட்டேன். மெத்தென்று, ஈரமாக, ஒவ்வொரு சுருளும் விரலைச் சுற்றிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அன்னைக்கி நடந்ததுக்குக் கோவந்தானே புள்ள இத்தன வருசம்?"

"கோவம் அப்பயே போயிருச்சுக்கா. மொட்டையா இருந்தப்பதான் எனக்கு நிம்மதியே. யாரும் இழுக்கல. ஒன் கை வந்தா எதையாச்சும் சரிபண்ணத்தான் வரும், அதான் பயம். இன்னைக்கி சரிபண்ண ஒண்ணுமில்ல. பூவ மட்டும் வையி."

பூவை மட்டும் வைத்தேன். அறுபது எழுபது பெண்களுக்குச் செய்த அலங்காரத்தில் அதுதான் மிகக் குறைந்த வேலை. அவள் வெளியே வந்தபோது கருமேகத்தில் மல்லிகை வைத்ததுபோல் இருந்தது என்று யாரோ சொன்னார்கள். நானே சொன்னதாகவும் இருக்கலாம். அவள் முன் வரிசைக்கும் முன்னால், மணவறையில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் நின்று கைதட்டியவர்களில் கோலாட்டம் பழக்கிய அக்காவும் இருந்தார்.

மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான் குடையில்லாமல் கதவருகே நின்றேன். என் நேரான முடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அடியில் புதிதாக முளைத்தது மட்டும் ஈரத்தில் சுருண்டுகொண்டு எழுந்தது. என் தங்கை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அந்த அடி முடியைத் தொட்டாள்.

"நான் மூணு வருசத்துல திரும்பி வந்துட்டேன். இது போயி ஏழு வருசமாச்சு. எப்பக்கா வரும்?"

வேன் போன பிறகும் நான் மழையில் நின்றிருந்தேன்.

அடுத்த வாரம் சலூனில் கூட வேலை செய்த பெண்ணிடம் கத்திரிக்கோலைக் கொடுத்து, நேராக இருப்பதையெல்லாம் வெட்டச் சொன்னேன். மேடம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். வெட்டி முடித்தபோது விரல் நீளத்துக்கு மேல் மிச்சமில்லை. மொட்டைக்குப் பிறகு முதன்முறையாகத் தலை லேசாக இருந்தது. தலையைச் சேலையால் மூடிக்கொண்டு பஸ் ஏறி அரநாயக்கவில் இறங்கி, மேட்டில் ஏறி அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். முந்தானையை எடுத்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து, ஈரக்கையோடு என் தலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா" என்றாள்.

என்னைக் கேட்கவில்லை. முடியைத்தான் கேட்டாள்.